பாடம் போகிறது, பதில் வருகிறதா? இணையவழித் தொலைதூரக் கல்வி: ஓர் அறிமுகம்

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோர் இடத்திலும் இருந்துகொண்டு நடக்கும் படிப்பு தொலைதூரக் கல்வி. அஞ்சலில் நடந்தாலும் அதுதான், வானொலியில் நடந்தாலும் அதுதான். இணையத்தில் நடந்தால் இணையவழிக் கல்வி, ஆன்லைன் படிப்பு என்கிறோம்.

வரையறை இவ்வளவுதான். ஆனால் உடனே ஒரு சந்தேகம் வரும். யூடியூபில் பாடம் கேட்பதும் தூரத்திலிருந்து கற்பதுதானே? கற்பதுதான். ஆனால் அங்கே பாடம் உங்களிடம் வந்து சேர்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கேட்டது புரிந்ததா, தப்பாகப் புரிந்ததா என்று பார்க்க அந்தப் பக்கம் ஆள் கிடையாது. முறையான படிப்பு என்றால் நீங்கள் எழுதியது அங்கே போக வேண்டும், திருத்தப்பட்டுத் திரும்பி வர வேண்டும். ஆக, இதில் இரண்டு போக்குவரத்து உண்டு. பாடம் வருவது ஒன்று. பயிற்சி போய்த் திருத்தம் வருவது மற்றொன்று. முதலாவதற்கு ஆகும் செலவு இணையம் வந்த பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது அப்படி இறங்கவில்லை. உலகம் முழுக்க இந்தக் கல்வி பெருகிய விதத்தையும் சறுக்கிய இடங்களையும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பெருமளவு புரிந்துகொள்ளலாம்.

தபாலில் தொடங்கியது

1840இல் பிரிட்டனில் தூரம் எவ்வளவானாலும் கடிதத்துக்கு ஒரு பென்னி என்ற சீரான கட்டணம் வந்தது. அதைப் பயன்படுத்தி ஐசக் பிட்மன் தாம் உருவாக்கிய சுருக்கெழுத்து முறையை அஞ்சல் மூலம் கற்றுத்தரத் தொடங்கினார். பாடம் ஓர் அட்டையில் போகும். மாணவர் பைபிள் வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். பிழைகள் திருத்தப்பட்டு அவர் கைக்கு மறுபடி வரும். சுருக்கெழுத்தைச் சொல்லித்தரும் அச்சுப் புத்தகம் அதற்கு முன்பே இருந்தது. அதை யாரும் தொலைதூரக் கல்வி என்று சொல்வதில்லை. திருத்தம் திரும்பி வந்ததால்தான் பிட்மனை இந்தத் துறையின் முன்னோடி என்கிறார்கள்.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்திருந்தாலும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று கதவைத் திறந்தது. அங்கே தேர்வு மட்டும்தான். கற்பிப்பது அவரவர் பாடு. 1951இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியபோது, பறக்கும் மருத்துவச் சேவைக்கென்று ஏற்கெனவே இருந்த இருவழி வானொலிக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கால்நடைப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதைக் கேட்டதோடு பதிலும் சொல்ல முடிந்தது. சாதாரண வானொலி ஒலிபரப்பால் முடியாத காரியம் அது.

பெரிய திருப்பம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு தொடங்கியது. முன்தகுதி கேட்கவில்லை. பிபிசியில் ஒளிபரப்பான அதன் பாடங்கள்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் நின்றது தொலைக்காட்சியால் அல்ல. தனியாகப் படிப்பவருக்கென்றே எழுதப்பட்ட பாடப் புத்தகங்கள், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர், அவர் கைப்பட எழுதிய குறிப்புகளோடு திரும்பி வரும் அசைன்மென்ட் ஆகிய மூன்றும்தான் அதைத் தாங்கின. ஸ்பெயின், ஜெர்மனி, பாகிஸ்தான், தாய்லாந்து, சீனா, துருக்கி, இந்தோனேசியா, இந்தியா என அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பல நாடுகள் தொலைதூரக் கல்விக்கென்றே பெரிய அமைப்புகளை உருவாக்கின. இவற்றில் சில லட்சக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்தன. இணையம் வந்தபோது தொலைதூரக் கல்வி புதிதாகப் பிறக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு வேறு எஞ்சின் கிடைத்தது.

செலவுக் கணக்கு

இந்தத் துறையில் எது ஏன் நடக்கிறது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒரு பாடத்திட்டத்தில் நான்கு அசைன்மென்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைப் படித்து, தவறைக் காட்டி, இரண்டு வரி எழுதித் திருப்பித்தர 20 நிமிடம் ஆகும். 100 மாணவர்கள் என்றால் 8,000 நிமிடம், அதாவது சுமார் 133 மணி நேரம். இரண்டு ஆசிரியர்கள் சமாளித்துவிடலாம். ஒரு லட்சம் மாணவர்கள் என்றால் 1,33,000 மணி நேரத்துக்கு மேல். முழுநேர ஊழியர் ஒருவர் ஆண்டுக்கு 1,700 மணி நேரம் வேலை செய்வார் என்று கொண்டால், திருத்துவதற்கு மட்டும் 78 பேர் ஆண்டு முழுவதும் உட்கார வேண்டும். ஆனால் வீடியோவை 100 பேர் பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் தயாரிப்புச் செலவு அதேதான்.

2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்போவதாக அறிவித்தபோது, அது பாடத்தை மட்டுமே தந்தது. பட்டமோ ஆசிரியர் தொடர்போ இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லியும்விட்டது. நேர்மையான ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்ட மூடுல் என்ற இலவச மென்பொருள் மறுபக்கத்தைக் கவனித்தது. பாடக்கோப்பு, விவாதப் பகுதி, அசைன்மென்ட் பெட்டி, க்விஸ், மதிப்பெண் பதிவேடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் ‘கற்றல் மேலாண்மை அமைப்பு’ அது. வேறு பெயர்களிலும் இப்படிப்பட்ட மென்பொருள்கள் உண்டு, வேலை ஒன்றுதான்.

பிறகு வந்தது மூக் அலை. பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் பாடம் என்று விரித்துச் சொல்லலாம். 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸும் ஸ்டீஃபன் டவுன்ஸும் நடத்திய பாடத்தில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு 1,60,000 பேர் பதிந்தார்கள். 2012இல் இப்படிப்பட்ட பாடங்களை வழங்கும் தளங்களான உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் மூன்றும் அடுத்தடுத்து வந்தன. தொடர்ந்து பிரிட்டனில் ஃபியூச்சர்லேர்ன், சீனாவில் ஷுவேடாங்எக்ஸ், பிறகு இந்தியாவில் ஸ்வயம்.

எட்எக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுகள் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் சேர்ந்தார்கள். தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. இதை வைத்துக் கேலி செய்தவர்கள் உண்டு. வகுப்பறையில் ஏழாயிரம் பேருக்கு அந்தப் பாடத்தை நடத்த ஒரு பேராசிரியருக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஒரு கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம் என்றது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். பணம் கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. முடித்தே தீர வேண்டும் என்று இருப்பவர்தான் பணம் கட்டுகிறார். ஒரு சொடுக்கில் சேரலாம் என்றால் ஒரு சொடுக்கில் விலகவும் செய்வார்கள்; இலவசப் பாடத்தில் ‘சேர்ந்தவர்’ என்ற எண்ணிக்கையே கடைக்குள் எட்டிப்பார்த்தவரின் எண்ணிக்கை மாதிரிதான்.

திருத்த ஆள் இல்லாத மூக் பாடங்கள் இரண்டு வழிகளைக் கண்டன. ஒன்று, கணினியே திருத்தும் க்விஸ். இன்னொன்று, மாணவர்களே ஒருவர் தாளை ஒருவர் திருத்துவது. உங்கள் கட்டுரையை மூன்று, நான்கு பேர் கொடுக்கப்பட்ட அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். பெரும்பாலும் நடுவில் வரும் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். இது உடைவது பாடத்தின் பின்பகுதியில். ஆட்கள் விலகிக்கொண்டே போவதால் திருத்த ஆள் இல்லாமல் தாள்கள் தேங்கும். ‘நன்று’ என்று ஒரு சொல்லோடு முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அளவுகோலில் ‘தெளிவாக எழுதியிருக்கிறாரா’ என்று கேட்டால் இதுதான் நடக்கும். ‘தம் கருத்துக்கு இரண்டு சான்றாவது காட்டியிருக்கிறாரா’ என்று கேட்டால் திருத்துபவர் தாளைத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேரெதிர் உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 ஜனவரியில் தொடங்கிய கணினி அறிவியல் முதுகலைப் படிப்பு. மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். வளாகத்தில் படிப்பதைவிட மிகக் குறைவு. மாணவர் எண்ணிக்கை பின்னாளில் பத்தாயிரத்தைத் தாண்டியது. வீடியோவில் சேமித்ததை அவர்கள் உதவி ஆசிரியர்களுக்குச் செலவிட்டார்கள். கேள்விகள் குவிந்தபோது, 2016இல் பேராசிரியர் அசோக் கோயலின் வகுப்பில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ‘ஜில் வாட்சன்’ என்ற மென்பொருளை உதவி ஆசிரியர்கள் நடுவே வைத்தார்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்க வேண்டும்

இணையப் படிப்பு இரண்டு வகையாக நடக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடும் நேரலை வகுப்பு ஒன்று. அவரவர் நேரத்தில் பார்த்துப் படிக்கும் பதிவு வகுப்பு மற்றொன்று. புதிதாக நடத்துபவர்கள் நேரலையைத்தான் முதலில் நாடுவார்கள், அது வகுப்பறை மாதிரி இருப்பதால். விளக்கவுரைக்கு நேரலை வீண். ஒருவர் மட்டும் நாற்பது நிமிடம் பேசுவதை மற்றவர்கள் ஏன் ஒரே நேரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்? பதிவாகக் கொடுத்தால் நிறுத்திக் கேட்கலாம், திருப்பிக் கேட்கலாம். நேரலையைக் கேள்விக்கும், விவாதத்துக்கும், மாணவர்கள் செய்துகாட்டுவதற்கும் வைத்துக்கொள்வதே சரி.

வீடியோவின் நீளம் பற்றி ஒரு விஷயம் அடிக்கடி தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. எட்எக்ஸில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை என்றது. உடனே பலர் ஒரு மணி நேர உரையைப் பத்துத் துண்டாக வெட்டிப் போட்டார்கள். அது பலன் தராது. ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துத் தானே முடித்துவைக்க வேண்டும். முடிந்த கையோடு மாணவர் எதையாவது செய்துபார்க்க வேண்டும்.

அந்த ‘செய்துபார்ப்பது’ எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். 1/2 + 1/3 எவ்வளவு? விடை 5/6. தப்பான விடைகளாக வாய்க்கு வந்த எண்களைப் போட்டால் அந்தக் கேள்வி வீண். 2/5 என்று ஒரு விடை இருக்க வேண்டும், ஏனென்றால் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டுபவர் அதைத்தான் தொடுவார். 2/6 என்று ஒன்று, கீழெண்ணைப் பொதுவாக்கிவிட்டு மேலெண்ணை மாற்ற மறந்தவருக்கு. 2/5ஐத் தொட்டவருக்கு ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்று வந்தால் அவர் அடுத்ததைக் குத்துமதிப்பாகத் தொடுவார். ‘2/5 என்பது அரையைவிடச் சிறியது. அரையோடு ஒன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?’ என்று வந்தால் நின்று யோசிப்பார். இப்படி ஒரு கேள்வி எழுத நேரம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை எழுதிவிட்டால், லட்சம் பேருக்கும் அந்தப் பதில் உடனே போகும். கணினித் திருத்தம் உருப்படியாக இருப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

கட்டுரை, நிரல், வரைபடம், பேச்சு என்று வரும்போது ஆள் வேண்டும். திருத்தம் ஒரு வாரத்துக்குள் வரவில்லையென்றால் மாணவர் அடுத்த அசைன்மென்ட்டை அதே தவறோடு எழுதி முடித்திருப்பார். விலகுபவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வாரங்களிலேயே போய்விடுவதால், முதல் வாரத்தில் மிகச் சிறிய பயிற்சி ஒன்று கொடுத்து, இரண்டு நாளில் பெயர் சொல்லிப் பதில் அனுப்புவது அனுபவமுள்ளவர்கள் கையாளும் முறை.

மைக்கேல் மூர் என்ற கல்வியாளர் 1970களில் சொன்ன கருத்து இங்கே பொருந்தும். தொலைதூரக் கல்வியில் முக்கியமான தூரம் கிலோமீட்டரில் அளப்பது அல்ல. ஆசிரியர் சொல்ல நினைத்ததற்கும் மாணவர் புரிந்துகொண்டதற்கும் நடுவே உள்ள இடைவெளி. உரையாடல் கூடினால் அது குறையும். பாடம் எல்லோருக்கும் ஒரே அச்சில், நெகிழ்வே இல்லாமல் வார்க்கப்பட்டு, உரையாடலும் இல்லாவிட்டால் கூடும். கூடிய அளவுக்கு மாணவர் தாமே தம்மை நடத்திச்செல்ல வேண்டியிருக்கும். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்தின் கடைசி வரிசையிலும் இதே தூரம் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2020இல் நடந்தது வேறு

கோவிட் பரவியபோது, 2020 ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடியிருந்தன. பாதிக்கப்பட்ட மாணவர்கள் சுமார் 160 கோடிப் பேர் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. ஆன்லைன் வகுப்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது இதுதான். ஆனால் அன்று நடந்ததை இந்தத் துறையில் உள்ளவர்கள் ‘அவசரகாலத் தொலைநிலைக் கற்பித்தல்’ என்று பிரித்தே சொன்னார்கள். முறையாக ஓர் இணையப் பாடத்தைத் திட்டமிட்டு உருவாக்க மாதக்கணக்கில் ஆகும். அன்று பள்ளிக்கூட நேர அட்டவணையை அப்படியே எடுத்து கேமரா முன் வைத்தார்கள். வேறு வழியும் இல்லை. அந்த அனுபவத்தை வைத்து இணையக் கல்வியே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது தவறு.

ஒன்றை மட்டும் அந்த ஆண்டு அப்பட்டமாகக் காட்டிவிட்டது. 3 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர், ஏறத்தாழ 130 கோடிப் பேர், வீட்டில் இணைய இணைப்பு இல்லாதவர்கள் என்று யுனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அதே ஆண்டு இறுதியில் சொன்னார்கள். பல நாடுகள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அச்சிட்ட பயிற்சித்தாளுக்கும் திரும்பின.

இணைப்பு இருந்தாலும் எவ்வளவு டேட்டா போகும் என்று தெரிந்திருப்பது நல்லது. கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 3,600 மெகாபிட், அதாவது 450 மெகாபைட் தின்னும். குரல் மட்டும் என்றால், நொடிக்கு 64 கிலோபிட் போதும். மணிக்கு 29 மெகாபைட்டைத் தாண்டாது. பதினைந்து மடங்கு வித்தியாசம். தினம் நான்கு மணி நேரம் நேரலை வீடியோ வைத்தால் ஒருநாளைக்கு 1.8 ஜிகாபைட். அதே பாடத்தைக் குரல் பதிவாகவும் ஸ்லைடுகளை பிடிஎஃப் கோப்பாகவும் கொடுத்தால், மெதுவான இணைப்பில்கூட டவுன்லோடு செய்துகொண்டு வேண்டியபோது கேட்கலாம்.

நேரலையில் குரல் வெட்டி வெட்டி வருவதற்கு வேகக்குறைவு மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். குரல் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து வருகிறது. அவை சீரான இடைவெளியில் வராமல் முன்பின்னாக வந்தாலோ வழியில் தொலைந்தாலோ ஒலி உடையும். பதிவு வீடியோவில் மென்பொருள் சில நொடிகளுக்கான பகுதியை முன்கூட்டியே சேமித்து இதைச் சமாளித்துவிடும். நேரலையில் அப்படிச் சேமிக்க முடியாது, பேச்சு தாமதமாகிவிடும். எனவே வகுப்பு தடுமாறினால் முதலில் உங்கள் கேமராவை அணையுங்கள். பெரும்பாலான இணைப்புகளில் அனுப்பும் வேகம்தான் பெறும் வேகத்தைவிடக் குறைவு. அதே வைஃபையில் ஓடும் மற்ற டவுன்லோடுகளை நிறுத்துங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், முடிந்தால் கேபிளால் இணையுங்கள். எதிரொலி வந்தால் யாரோ ஒருவரின் ஸ்பீக்கர் ஒலி அவர் மைக்குக்கே போகிறது என்று பொருள். ஒரு சாதாரண ஹெட்செட் அதைத் தீர்த்துவிடும்.

தேர்வும் சான்றிதழும்

தேர்வுக்குக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பெருந்தொற்றுக் காலத்தில் பரவின. கண் திரையை விட்டு விலகினால், அறைக்குள் வேறு குரல் கேட்டால் அவை சந்தேகக் குறியிடும். வாய்விட்டுப் படித்து யோசிப்பவரும், ஒரே அறையில் குடும்பத்தோடு இருப்பவரும் காரணமில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்றாலும் அதில் நேரடி விடை இல்லாத கேள்விகள், எழுதியதைப் பற்றிப் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு, ஒரே வேலையைப் பல வரைவுகளாகச் சமர்ப்பிப்பது ஆகியவை இவற்றைவிட மேல். ஆனால் மூன்றுக்கும் ஆசிரியரின் நேரம் வேண்டும், அதாவது மறுபடியும் அதே செலவு. சாட்ஜிபிடி போன்றவை வந்த பிறகு வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் கட்டுரையை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவது கடினமாகிவிட்டது. அதே கருவிகளை விளக்கம் கேட்கும் உதவியாளாக வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தப்பான பதிலையும் தடுமாறாமல் சொல்லும். பாடம் புதியவருக்கு அது தப்பென்று தெரிய வழியில்லை.

நீங்களே ஒரு படிப்பில் சேரப் போகிறீர்கள் என்றால், முதலில் அது தருவது பட்டமா, பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளக்கூடிய வரவு மதிப்பெண்ணா (கிரெடிட்), வெறும் பங்கேற்புச் சான்றா என்று பாருங்கள். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரியான வண்ணத்தாளில்தான் வரும். அங்கீகாரம் பெற்றதாகச் சொல்லும் நிறுவனத்தின் இணையதளத்தை நம்பாமல், அங்கீகரிக்கும் அமைப்பின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். போலிப் பல்கலைக்கழகங்கள் சில, தங்களுக்கென்றே போலி அங்கீகார அமைப்பையும் வைத்திருக்கும். அந்த அமைப்பை நாட்டின் கல்வித் துறை ஏற்கிறதா என்பதுவரை போய்ப் பார்க்க வேண்டும். பாடத்திட்டத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருந்தால், புதியவர் அதைவிட ஒன்றரை மடங்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது: அசைன்மென்ட்டைத் திருத்துவது யார், எத்தனை நாளில்? ஒரு டியூட்டரிடம் எத்தனை மாணவர்கள்? இதற்குத் தெளிவான பதில் இல்லாமல் ‘எங்களிடம் 200 மணி நேர வீடியோ இருக்கிறது’ என்று சொன்னால், நீங்கள் வாங்குவது வீடியோ. அது உங்களுக்குப் போதுமானால் வாங்குங்கள், பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். கட்டணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலகக் கடைசி நாள் எது என்று குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முன்பே ஒரு பயிற்சியைச் சமர்ப்பித்து, ஒரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அந்தத் தேதிக்குள் உருப்படியான பதில் எதுவும் வரவில்லையென்றால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடலாம்.